கிக்கரை மிதிக்காதீர்கள்: நின்றுபோன ஆக்டிவாவை வீட்டிலேயே ஓட வைப்பது

பெங்களூரில் எந்த அபார்ட்மென்ட் பேஸ்மென்டுக்குள் இறங்கினாலும் தூணோரமாக ஒரு ஆக்டிவா தூசி படிந்து நிற்கும். சொந்தக்காரர் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பார், அல்லது கார் வாங்கியிருப்பார். சொற்ப விலைக்குக் கிடைக்கும். வாங்கியவர் முதல் வேலையாக ஒரு பேட்டரியை மாட்டி, அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் பட்டனை அமுக்குவார். அது கிளம்பவில்லையென்றால் கிக்கரை முப்பது தடவை மிதிப்பார். பிழைத்திருக்க வேண்டிய எஞ்சின் பல சமயம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கெடுகிறது. நெடுநாள் நின்ற சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் இருக்காது. பிஸ்டன் ரிங் ஓரத்தில் லேசாகத் துரு பிடித்திருக்கும். அந்த நிலையில் பிஸ்டன் ஏறி இறங்கினால் சுவரில் கோடு விழும், பிறகு சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் போரிங் செலவு. கூடவே டேங்கின் அடியில் கிடந்த சேறும் கார்புரேட்டருக்குள் போய்ச் சேரும். அதனால் ஸ்டார்ட் செய்வதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

கீழே சொல்லும் அளவுகள் 2009 முதல் 2020 தொடக்கம் வரை வந்த, கார்புரேட்டர் உள்ள 109 சிசி ஆக்டிவாவுக்கு. 3ஜி, 4ஜி, 5ஜி எல்லாம் இதற்குள் அடக்கம். அதே காலத்து டியோவும் ஏவியேட்டரும் உள்ளே ஏறக்குறைய இதே வண்டிதான். ஆக்சஸ், ஜூபிடர் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுவே, அளவுகளை மட்டும் அந்தந்த மேனுவலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020ல் வந்த 6ஜி ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டி. அதன் பெட்ரோல் பம்ப்பும் சென்சாரும் வேறு பாடம்.

ஸ்பானருக்கு முன் ஆர்சி

எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சேறு மூடியிருந்தால் டீசல் நனைத்த துணியால் துடையுங்கள். நம்பர் மேல் உப்புத்தாள் போடாதீர்கள். தேய்ந்த நம்பர் யாருக்கும் சந்தேகத்தைத்தான் தரும்.

தனியார் வண்டிக்கு ஆர்சி 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 2010ல் பதிவான வண்டி என்றால் 2025லேயே முடிந்திருக்கும். அதன்பின் ஆர்டிஓவில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. நம்மவர்கள் நிறைய பேர் தமிழ்நாட்டு நம்பர் வண்டியையே இங்கே வைத்து ஓட்டுகிறார்கள். 12 மாதத்துக்கு மேல் கர்நாடகத்தில் இருந்தால் மறுபதிவு கட்டாயம். அதற்குப் பழைய ஆர்டிஓவின் தடையின்மைச் சான்று வேண்டும், அதாவது படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லோன் போட்டு வாங்கிய வண்டியாக இருந்தால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35. இந்தக் கையெழுத்துகளைப் பணம் கொடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள். காசு வாங்கிப்போன ஆளை ஆறு மாதம் கழித்துத் தேடிப் பிடிப்பது பிஸ்டன் மாற்றுவதைவிடச் சிரமம்.

இன்னொன்று, வண்டி நம்பரைப் போட்டுப் போக்குவரத்து போலீசின் நிலுவை அபராதத்தைப் பாருங்கள். இந்த ஊரில் அந்தத் தொகை சில சமயம் வண்டி விலையைத் தாண்டும். 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியில் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் இல்லாவிட்டால் அதையும் கணக்கில் சேருங்கள்.

எதை வாங்கவே கூடாது

கால் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் விரிப்பைத் தூக்குங்கள். ஆக்டிவாவின் பலவீனமான இடம் இதுதான். விரிப்புக்கு அடியில் தேங்கும் மழைநீர் தகட்டை அரித்து அடியில் ஓடும் ஃபிரேம் குழாயையும் பிடித்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் குழாயைத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் வந்தால் பயமில்லை. மந்தமாகக் கேட்டாலோ பொருக்கு பொருக்காக உதிர்ந்தாலோ வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு மாட்டும் காதுகளையும் பாருங்கள். ஓட்டை விழுந்த ஃபிரேமுக்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்ல ஆள் இருக்கத்தான் செய்வார்கள். இரண்டு பேர் ஏறி வெள்ளாரா ஜங்ஷன் பள்ளத்தில் இறங்கும் வண்டிக்கு அது உதவாது.

மற்றபடி கிழிந்த சீட், உடைந்த சைடு பேனல், செத்த பேட்டரி, தட்டை டயர் இதெல்லாம் குறையே இல்லை. பேரம் பேசத்தான் பயன்படும்.

இடமும் கருவியும்

8, 10, 12, 14, 17 மிமீ ரிங் ஸ்பானரும் பாக்ஸும், 2ம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பானர், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், 20 மில்லி சிரிஞ்ச் இரண்டு, கார்ப் கிளீனர் ஸ்பிரே ஒன்று. இறுகிப்போன ஸ்டார் ஸ்க்ரூவுக்குச் சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் இருந்தால் தலை வழுக்காது. துருப்பிடித்த போல்ட்டில் முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களைப் பேனல் வாரியாகத் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள். ஆக்டிவாவில் நீளம் மாறிய ஸ்க்ரூ உள்ளே ஒயரைக் குத்தும்.

கழுவுவது பற்றி ஒரு எச்சரிக்கை. 2024 மார்ச்சில் தண்ணீர் பஞ்சத்தின்போது இங்கே குடிநீரால் வண்டி கழுவத் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தார்கள். போர் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ ஒரு பக்கெட் போதும். பிரஷர் வாஷ் வேண்டாம், அது கனெக்டருக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் தண்ணீர் ஏற்றிவிடும். டீசல் தொட்ட பிரஷ், பிறகு ஷாம்பு தண்ணீர், பிறகு துணி. பழைய ஆயிலைக் கேனில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுங்கள். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது ராஜகாலுவை என்னும் பெரிய வடிகால் வழியாக ஏரிக்குத்தான் போகும்.

எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள்

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி எடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். கழற்றியதும் துளை வழியாகச் சிரிஞ்சில் 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு, துணியால் மூடி ஒரு இரவு விடுங்கள்.

மறுநாள் வலப்பக்கம் இருக்கும் கூலிங் ஃபேன் கவரைக் கழற்றுங்கள். எலிக்கூடு இருக்க வாய்ப்புள்ள முதல் இடம் இது. காய்ந்த புல், பஞ்சு, கொய்யாக் கொட்டை எல்லாம் வரும். சிலிண்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவசத்துக்குள் டார்ச் அடித்து, சூட்டை வெளியேற்றும் தகடுகளான ஃபின்களுக்கு நடுவே அடைத்திருக்கும் மண்ணைச் சுரண்டி எடுங்கள். காற்றால் குளிரும் எஞ்சின் இது. இந்த அடைப்போடு ஓடினால் சிக்னலில் நின்று நின்று போகும் சில்க் போர்டு பயணத்தில் சூடேறி மடங்கும்.

பிறகு ஃபேனின் நடுப்பகுதியைப் பிடித்து, வலப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் மெல்லத் திருப்புங்கள். இறக்கை நுனியைப் பிடித்தால் ஒடிந்துவிடும். பிளக் இல்லாததால் லேசாகச் சுற்ற வேண்டும். நகரவில்லை என்றால் இன்னும் 5 மில்லி ஆயில், இன்னும் ஒரு நாள். அப்போதும் அசையாவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள், ஹெட்டைத் திறக்காமல் வழியில்லை. சுற்றினால், பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இன்னொருவரைக் கிக்கரை நிதானமாக ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிவிட்டால் கம்ப்ரஷன் உண்டு.

அடுத்து எஞ்சின் ஆயில். 10டபிள்யூ-30, ஸ்கூட்டருக்கான எம்பி வகை, வடித்தபின் சுமார் 700 மில்லி பிடிக்கும். வடிந்த ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் நீடில் ஒழுகி எஞ்சினுக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கிறது என்று பொருள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். உடல் அலுமினியம் என்பதால் முழு பலத்தோடு முடுக்கினால் மரை போய்விடும். பின்சக்கர கியர் பெட்டிக்குத் தனி ஆயில், 100 முதல் 120 மில்லி. இதைப் பல கடைகளில் மாற்றியே இருக்க மாட்டார்கள்.

பழைய பெட்ரோல்தான் உண்மையான நோய்

நின்றுபோன பத்து ஸ்கூட்டரில் எட்டு கிளம்பாததற்கு இதுவே காரணம் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் ஆறிப்போன வெல்லப்பாகு போல, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளான ஜெட்டுகளில் ஒட்டிக்கொள்கிறது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் வெளியேறும் வழியும் அங்கேதான். துருவும் அங்கேதான் ஆரம்பிக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் ஊதவைத்து வெடிக்க விடும்.

டேங்கை முழுதாகக் காலி செய்யுங்கள். வெளியே, திறந்த இடத்தில், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல். வடிந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். இந்தப் பெட்ரோலைப் புதிதோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

உள்ளே துரு தெரிந்தால் டேங்கைக் கழற்றி, ஃபியூவல் கேஜ் யூனிட்டையும், பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பையும் எடுத்துவிட்டுத் துளைகளை ரப்பர் கார்க்கால் அடையுங்கள். டேங்க் 5.3 லிட்டர். முதலில் ஷாம்பு தண்ணீரால் பெட்ரோல் வாடை போகும்வரை கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 100 கிராம் கணக்கில் அரைக் கிலோ எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து நிரப்பி, மூடியை இறுக்காமல் 12 முதல் 24 மணி நேரம் விடுங்கள். அமிலம் இரும்போடு சேரும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால்தான் மூடி தளர்வாக இருக்க வேண்டும், நெருப்பும் தூர இருக்க வேண்டும். கொட்டிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். உடனே காயவையுங்கள். ஹேர் டிரையரின் குளிர் காற்று நல்லது. காய்ந்த கையோடு 100 மில்லி பெட்ரோலில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் கலந்து உள்ளே குலுக்குங்கள். இதைத் தள்ளிப்போட்டால் ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் துரு திரும்ப வந்து நிற்கும்.

டேப்பைத் தனியாகச் சோதியுங்கள். எஞ்சின் இழுக்கும்போது மட்டும் பெட்ரோல் விடும் வேக்குவம் டேப் இருந்தால் அதில் மெல்லிய இரண்டாவது குழாய் ஒன்று இருக்கும். டேங்கில் சிறிது பெட்ரோல் விட்டு அந்த மெல்லிய குழாயைச் சிரிஞ்சால் இழுங்கள். இழுத்தால் மற்றக் குழாயில் பெட்ரோல் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். சிரிஞ்சுக்குள்ளேயே பெட்ரோல் வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. டேப்பையே மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி மாட்டுபவர்கள் உண்டு. பெட்ரோல் குழாயையும் வேக்குவம் குழாயையும் நிலை எப்படியிருந்தாலும் புதிதாகப் போட்டுவிடுங்கள். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

கார்புரேட்டரில் கை வைக்கும் முன் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று போனில் படமெடுங்கள். கழற்றியதும் மேல் மூடியைத் திறந்தால் ஸ்பிரிங், நீடில், கறுப்பு ரப்பர் டயஃப்ரம். இந்த ரப்பரில் கார்ப் கிளீனர் படக் கூடாது, ஊதிப்போய்த் திரும்ப உட்காராது. வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். கீழே கிண்ணத்தைத் திறந்தால் ஃப்ளோட், அதன் நீடில், மெயின் ஜெட், பைலட் ஜெட். இரண்டு ஜெட்டையும் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். வட்டமாக ஒளி தெரிய வேண்டும். பைலட் ஜெட்டின் துளை மயிரிழை அளவுதான். அடைந்திருந்தால் ஊசியோ சேஃப்டி பின்னோ விடாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகி, எஞ்சின் அதிகப் பெட்ரோல் குடிக்கும். மின்சார ஒயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழை எடுத்து விடலாம். அதற்கு முன் ஒரு இரவு கார்ப் கிளீனரில் ஊறவைப்பது இன்னும் நல்லது. கார்புரேட்டர் உடம்பிலுள்ள ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரே அடித்து மறுமுனையில் வெளியே வருகிறதா என்று பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு.

பெட்ரோல், காற்றுக் கலவையைத் திருத்தும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெல்ல உள்ளே முடுக்கி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள். திரும்பப் போடும்போது அதே எண்ணிக்கை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காற்று கொஞ்சம் மெலிவு. சென்னையில் டியூன் ஆன வண்டி இங்கே சற்று ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடி ஓடும். எஞ்சின் சூடானபின் கால் சுற்று திருத்தினால் போதும். எஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போடாமல் மூடாதீர்கள்.

ஏர் ஃபில்டர் எண்ணெய் தோய்ந்த பேப்பர் வகை. காற்றடித்தால் சுத்தமாகாது, எண்ணெய்தான் போகும். மாற்றுவது ஒன்றே வழி. பெட்டிக்குள்ளும் எலி இருந்ததா என்று பாருங்கள்.

பேட்டரியும் ஒயரும்

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல பேட்டரி. சார்ஜ் போட்டும் 12க்குக் கீழேயே நிற்பதை வைத்துப் போராட வேண்டாம்.

எலி கடித்த ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் முதல் மழையிலேயே பச்சை பூக்கும். சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். எஸ்பி ரோட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஃபிரேமோடு சேரும் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்குங்கள். பாதி மின்கோளாறு அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்டார்ட் பட்டன் அமுக்கினால் எந்தச் சத்தமும் இல்லையா? ஆக்டிவாவில் பிரேக் லீவரைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். லீவருக்கு அடியிலுள்ள சின்ன பிரேக் சுவிட்சில் தூசி அடைந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது பின்லைட் எரியவில்லை என்றால் குற்றவாளி அதுவே. பழைய மாடலில் ஐடிலில் ஹெட்லைட் மங்குவது கோளாறு அல்ல. அந்த விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை.

இப்போது கிக்கர்

வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். மூடிய பேஸ்மென்டில் புகை உயிருக்கு ஆபத்து. பிளக் இல்லாமல் சில முறை கிக்கரை மிதித்து, ஊற்றி வைத்த ஆயிலை வெளியேற்றுங்கள். துளைமேல் துணி இருக்கட்டும். புது பிளக்கின் இடைவெளி 0.8 முதல் 0.9 மிமீ. டேங்கில் ஒரு லிட்டர் புது பெட்ரோல். பிளாஸ்டிக் பாட்டிலில் பங்கில் தரமாட்டார்கள், தகர கேன் கொண்டுபோங்கள்.

சோக் இழுத்து, ஆக்ஸிலேட்டர் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃபை ஒரு முறைக்கு 5 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். கார்புரேட்டர் காலியாக இருப்பதால் முதல் சில முயற்சிகள் வீணாகும், அது இயல்பு. கிளம்பியதும் முறுக்காதீர்கள். சில நிமிடம் வெண்புகை வரும், ஊற்றிய ஆயில் எரிகிறது. அரை மணி ஓடியும் நீலப்புகை நிற்காவிட்டால் ரிங் அல்லது வால்வ் சீல். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம்.

ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஓடி, விட்டால் அணைந்தால் பைலட் ஜெட் இன்னும் சுத்தமாகவில்லை. ஐடிலில் நன்றாக நின்று, திருகும்போது மூச்சு முட்டினால் டயஃப்ரத்தையும் மெயின் ஜெட்டையும் பாருங்கள். கையை விட்டும் வேகம் இறங்காமல் தொங்கினால் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது, பெரும்பாலும் அந்த ஓ-ரிங். ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் நீடில். ஐடில் நிமிடத்துக்கு 1,700 சுற்று அளவில் இருக்கட்டும். கொஞ்சம் முறுக்கி வைத்து பேட்டரி முனையில் மீட்டர் வையுங்கள். 13.5க்கும் 14.8க்கும் நடுவே வர வேண்டும். 13ஐத் தொடாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, புது பேட்டரியைப் பொசுக்கிவிடும்.

இடப்பக்கம்: பெல்ட்

இடப்பக்க நீளக் கவரை 8 மிமீ போல்ட்டுகள் பிடித்திருக்கும். திறந்தால் கறுப்புத் தூள் கொட்டும். அதை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பெல்ட்டை உட்பக்கமாக வளைத்துப் பாருங்கள். பல்லுக்கு அடியில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். 24,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், ஓடாமல் பல வருடம் ஒரே வளைவில் நின்றிருந்தாலும் மாற்றுவதே என் கட்சி. ரோட்டில் அறுந்தால் அது ஹவுசிங்கையும் சேர்த்து இழுத்துவிடும். முன் புல்லிக்குள் இருக்கும் ரோலர்களில் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் ஆறையும் சேர்த்து மாற்றுங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் தெரிந்தால் கிராங்க் சீல் ஒழுகுகிறது, அதைச் சரிசெய்யாமல் புது பெல்ட் போடுவது வீண்.

புல்லி நட் கழற்ற ஃபேன் இறக்கைக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவர் செருகுவது பரவலான பழக்கம். இறக்கை உடையும். புல்லி ஹோல்டர் இல்லையென்றால் பக்கத்து பஞ்சர் கடையில் இம்பாக்ட் கன்னால் இரண்டு நிமிடத்தில் கழற்றித் தருவார்கள்.

மாட்டும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. பின் புல்லியின் இரு தட்டுகளையும் கையால் பிரித்து, பெல்ட்டை அதன் அடிவரை இறக்க வேண்டும். அப்போது முன்பக்கம் பெல்ட் தளர்வாகக் கிடக்கும், நட்டை முடுக்கலாம். இப்படிச் செய்யாவிட்டால் முன் புல்லியின் தட்டுகளுக்கு நடுவே பெல்ட் சிக்கிக்கொள்ளும். நட் இறுகியது போலவே தோன்றும். ஆனால் அது பெல்ட்டைத்தான் நசுக்கியிருக்கும், தட்டு தன் இடத்தில் உட்கார்ந்திருக்காது. ஓடியதும் பெல்ட் நழுவ, நட் தளர்ந்து கிராங்கின் பல்லே தின்றுபோகும். முடுக்கியபின் ஒரு நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்தி மறுபடி முடுக்கிப் பாருங்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசைக்கு. பெல்ட் உரசும் முகங்களில் கிரீஸ் ஒரு துளிகூடப் படக் கூடாது. கவருக்குள் இருக்கும் கிக்கர் பல்சக்கரத்தின் புஷ்ஷுக்கு மட்டும் கொஞ்சம்.

கிளம்பும்போது வண்டி நடுங்கினால் கிளட்ச் ஷூ மினுங்கிப் போயிருக்கும். 180 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சரியாகும்.

பிரேக், டயர், முன்பக்கம்

சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறவுங்கள். 130 மிமீ டிரம். இங்கும் தூளை ஊத வேண்டாம். ஷூவைத் தள்ளும் கேம் துருப்பிடித்து இறுகியிருப்பதுதான் நின்ற வண்டியின் வழக்கம். பிரேக் பிடித்தால் திரும்பாது. கேமைக் கழற்றித் துடைத்து மிகக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். லைனிங்கில் கிரீஸ் பட்டால் ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரேக் பிடிக்கும்போது கேபிள் இழுக்கும் பிரேக் ஆர்மின் அம்பு டிரம் தட்டின் குறியைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. இடது லீவர் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அந்த விசையைப் பிரித்துத் தரும் ஈக்குவலைசர் துருப்பிடித்தால் பின் பிரேக் மட்டும் வேலை செய்யும். லீவர் நுனியில் 10 முதல் 20 மிமீ ஆட்டம் வையுங்கள். கேபிள் எல்லாம் புதிது போடுங்கள்.

டயர் 90/100-10. பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ன் 23வது வாரம். டயரின் மேல் பட்டன் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பிருந்தால் மழையில் வழுக்கும், மாற்றுங்கள். டியூப்லெஸ் வால்வும் அன்றே மாற வேண்டும். ரிம்மின் விளிம்புத் துருவைத் தேய்க்காமல் டயர் போட்டால் வாரத்துக்கு ஒருமுறை காற்றிறங்கும். முன்னே 22, பின்னே 29, இருவர் என்றால் பின்னே 36 பிஎஸ்ஐ.

சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் ஹேண்டில் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. 5ஜி வரை முன் சஸ்பென்ஷன் பாட்டம் லிங்க் வகை. அதன் புஷ் தேய்ந்தால் சின்ன மேட்டிலும் டக் டக் என்று கேட்கும். இரண்டும் பிரஸ் வேண்டிய வேலை, கடைக்குக் கொடுத்துவிடலாம்.

உதிரிபாகம்

ஜேசி ரோடும் அதை ஒட்டிய கலாசிபாளையமும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் நான்கு வகை எடுத்துப் போடுவார்கள். தமிழே போதும், கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசினால் பேரம் சுலபம். பெல்ட், ரோலர், பிரேக் ஷூ, சீல், பிளக், பெட்ரோல் டேப் எல்லாம் ஒரிஜினல். மேட், கண்ணாடி, சீட் கவர், சைடு பேனல் லோக்கல் போதும். சிவாஜிநகர் குஜிரி என்னும் பழைய சாமான் சந்தையில் பேனலும் கிராப் ரெயிலும் பழையது வாங்கலாம். நம்பர் பொறித்த எந்தப் பாகத்தையும் அங்கே தொடாதீர்கள்.

துருவும் பெயின்ட்டும்

தரைத் தகட்டை வயர் பிரஷ், 80, பிறகு 220 உப்புத்தாள், ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அடிப்பக்கம் தார்ப் பூச்சு. மழை நாளில் ஸ்பிரே அடித்தால் வெண்மை படரும்; ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மற்ற டிங்கர் வேலையும் பட்டி பார்ப்பதும் ஓடும் வண்டிக்குச் செய்யுங்கள், ஓடாததற்கு வேண்டாம்.

முதல் நூறு கிலோமீட்டர்

புகைச் சான்றும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்சும் கைக்கு வந்தபின், வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள், 40ஐத் தாண்டாமல். ஒவ்வொரு முறை திரும்பியதும் சக்கர நட், சைலன்சர் போல்ட், பெட்ரோல் குழாய் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். புகைச் சான்றுக்கு எஞ்சின் நன்றாகச் சூடானபின் போங்கள், குளிர்ந்த எஞ்சினில் அளவு கூடும். 100 கிலோமீட்டரில் புதிதாக ஊற்றிய எஞ்சின் ஆயிலை வடித்துவிட வேண்டும். உள்ளே கழுவிக்கொண்டு வந்த துருவும் கசடும் அதில்தான் இருக்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். கறுப்பாக இருப்பது பரவாயில்லை. வெள்ளித்தூள் மினுங்கினால் ஏதோ பேரிங் தேய்கிறது. அடுத்த ஆயில் ஊற்றும் முன் எஞ்சினைத் திறந்து பார்க்க ஆள் தேடுங்கள்.